கெட்ட நாளுக்கும் தாங்கும் டிவி ஆன்டெனா: தேர்வு முதல் பொருத்துதல் வரை

ஆன்டெனாப் பெட்டிகளின் மேல் ‘ஹெச்டி’, ‘4கே’, ‘டிஜிட்டல்’ என்ற சொற்கள் பளபளக்கும். ஆன்டெனாவுக்கு அவற்றில் ஒன்றும் தெரியாது. தன்மேல் படும் அலையின் அதிர்வெண் என்ன, அது எந்தத் திசையிலிருந்து வருகிறது, கிடையாக அதிர்கிறதா செங்குத்தாக அதிர்கிறதா என்ற மூன்றைத்தான் அது உணரும். அலைக்குள் இருக்கும் படத்தைப் பிரித்தெடுப்பது டிவிக்குள் இருக்கும் ட்யூனரின் வேலை. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய கம்பி ஆன்டெனாவும், இன்றைய அதிர்வெண்ணுக்குப் பொருந்தினால், அருமையான ஹெச்டி படத்தைத் தரும்.

அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளிகள் கூடும். ஆனாலும் ஒப்பேற்றிப் பார்த்துவிடலாம். டிஜிட்டலில் அந்தப் படிப்படியான சரிவு கிடையாது. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஒரு வரம்புக்கு மேல் இருக்கும்வரை படம் பிசிறில்லாமல் இருக்கும். அதற்குக் கீழே ஓரிரு டெசிபல் இறங்கினாலே படம் கட்டங்கட்டமாக உடைந்து, ஒலி வெட்டி, திரை கருத்துவிடும். அமெரிக்காவின் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையான ஏடிஎஸ்சி 1.0-இல் அந்த வரம்பு ஏறத்தாழ 15 டெசிபல்.

ஆகவே, வெயில் அடிக்கும் ஒரு மதியத்தில் படம் தெளிவாக வருகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வரம்புக்கு மேல் எத்தனை டெசிபல் உபரியாகக் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. மழையில் நனைந்த இலைகள், காற்றில் ஆடும் மரங்கள், துருவேறும் இணைப்புகள் எல்லாம் அந்த உபரியைத்தான் தின்னும். பலவீனமான அலைவரிசையில்கூட 10 டெசிபல் உபரி வேண்டும் என்பது என் கணக்கு. டெசிபலுக்குப் பழகாதவர்கள் இரண்டு எண்களை நினைவில் வைத்தால் போதும்: 3 டெசிபல் என்றால் சக்தி இரண்டு மடங்கு, 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. வரவைக் கூட்டுங்கள், இழப்பைக் கழியுங்கள்.

இந்த வழிகாட்டி தரைவழி ஒளிபரப்புக்கானது. செயற்கைக்கோள் டிஷ் வேறு சங்கதி.

முதல் படி: கோபுரங்களை அறிதல்

வாங்குவதற்கு முன், நீங்கள் பார்க்க விரும்பும் ஒவ்வோர் அலைவரிசைக்கும் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசை, தூரம், அதன் உண்மையான அதிர்வெண், அலை கிடைநிலையா செங்குத்து நிலையா என்பது. தரைவழி ஒளிபரப்பு உள்ள பல நாடுகளில், ஒளிபரப்பு நிறுவனங்களோ அரசின் ஒழுங்குமுறை அமைப்போ முகவரியைக் கொடுத்தால் இவற்றைக் காட்டும் வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்வது எஃப்சிசி என்ற ஒழுங்குமுறை அமைப்பு.

‘உண்மையான’ அதிர்வெண் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரையில் தெரியும் அலைவரிசை எண் வெறும் பெயர்ப்பலகை. அமெரிக்காவில் திரையில் 5 என்று காட்டும் நிலையம், 2009-இல் நடந்த டிஜிட்டல் மாற்றத்திலும் அதன்பின் 2020 வரை நடந்த அதிர்வெண் மறுசீரமைப்பிலும் இடம் மாறி யுஹெச்எஃப் பட்டையில் (470 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் அதிர்வெண் வரிசை) ஒளிபரப்பிக்கொண்டிருக்கலாம். திரை எண்ணை நம்பி வாங்கினால் தேவையில்லாத பட்டைக்கு ஆன்டெனா வாங்கியதாகிவிடும்.

அலையின் நிலையை அலட்சியம் செய்யாதீர்கள். பெரிய கோபுரங்கள் பெரும்பாலும் கிடைநிலையில் ஒளிபரப்புகின்றன. பிரிட்டனில் சிறு துணைக் கோபுரங்கள் பல செங்குத்து நிலையில் இயங்குகின்றன. கிடையாக வரும் அலைக்கு ஆன்டெனாவைச் செங்குத்தாகக் கட்டினால் 10 முதல் 20 டெசிபல் வரை காணாமல் போகும். சிக்னலைப் பெருக்கும் எந்த பூஸ்டராலும் ஈடுகட்ட முடியாத இழப்பு இது. தவிர்ப்பதற்கோ ஆன்டெனாவை 90 பாகை திருப்பினால் போதும். அக்கம்பக்கத்துக் கூரைகளில் உள்ள ஆன்டெனாக்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, அவற்றின் கம்பிகள் படுத்திருக்கின்றனவா நிமிர்ந்திருக்கின்றனவா என்று ஒரு சுற்று நடந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: அதிர்வெண் சொல்லும் அளவு

300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். ஆன்டெனாவின் அடிப்படைக் கம்பி அதில் பாதி நீளம் இருக்க வேண்டும். 500 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 60 சென்டிமீட்டர், கம்பி 30. 200 மெகாஹெர்ட்ஸுக்குக் கம்பி 75 சென்டிமீட்டர். 60 மெகாஹெர்ட்ஸுக்கோ 2.5 மீட்டர். இயற்பியலின் இந்தக் கணக்கை எந்த விளம்பரமும் மாற்ற முடியாது. உள்ளங்கை அகலத் தகடு ‘எல்லா அலைவரிசைகளையும்’ பிடிக்கும் என்று சொன்னால், யுஹெச்எஃப் பட்டையில் ஓரளவு பிடிக்கும், அதைவிடத் தாழ்ந்த விஹெச்எஃப் பட்டையில் தடுமாறும் என்று படித்துக்கொள்ளுங்கள்.

விஹெச்எஃப் தொலைக்காட்சி பெரும்பாலும் 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவில் 216 வரை. அதற்குக் கீழே 54 முதல் 88 வரை தாழ்நிலை விஹெச்எஃப் அங்கே இன்னும் சில நிலையங்களுக்குப் பயன்படுகிறது. யுஹெச்எஃப் 470-இல் தொடங்குகிறது. முன்பு அது 800-களையும் தொட்டது. மேல்பகுதியை மொபைல் சேவைகளுக்குக் கொடுத்துவிட்டதால், ஐரோப்பாவில் இப்போது 694 வரையும் அமெரிக்காவில் 608 வரையும் சுருங்கிவிட்டது. கிடங்கில் கிடக்கும் பழைய வடிவமைப்புகள் சில 800-க்கு அருகில் உச்சத்திறனும் 500-க்கு அருகில் மந்தமும் காட்டும். புதிய வரம்புக்கு வடிவமைத்ததைக் கேட்டு வாங்குவது நல்லது.

உங்களுக்கு வேண்டிய நிலையங்கள் எல்லாம் யுஹெச்எஃப் என்றால் யுஹெச்எஃப் ஆன்டெனா மட்டும் வாங்குங்கள். இரண்டையும் பிடிக்கும் கூட்டு ஆன்டெனா, தேவையில்லாத இடத்தில் எடையையும் காற்றின் இழுப்பையும் மட்டுமே கூட்டும்.

மூன்றாம் படி: பாதையில் என்ன இருக்கிறது

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவே முதல் தடை. ஓர் எளிய கணக்கு: உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்கும் முன் அலை எட்டும் தூரம், கிலோமீட்டரில் கிடைக்கும். 150 மீட்டர் கோபுரத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்; 10 மீட்டர் உயரத்தில் உள்ள உங்கள் ஆன்டெனாவுக்கு 13. இரண்டையும் கூட்டினால் 63. கோபுரம் 300 மீட்டர் என்றால் கூட்டுத்தொகை 84. இதற்கு அப்பாலும் அலை வளைந்தும் சிதறியும் கொஞ்சம் வரும், ஆனால் நாளுக்கு நாள் மாறும். பெட்டியில் அச்சிட்ட ‘300 கிலோமீட்டர்’ எந்தக் கோபுரத்துக்கு, எந்த நிலத்தில் என்று ஒருபோதும் சொல்வதில்லை. தூரம் ஆன்டெனாவின் குணமே அன்று. அந்த எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்த தடைகள் மலை, கட்டடம், மரம். இவற்றில் மரத்தைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இலையற்ற பருவத்தில் பொருத்திய ஆன்டெனா, இலை துளிர்த்து மழையில் நனைந்ததும் யுஹெச்எஃப் நிலையங்களை இழப்பது சாதாரணம். கோபுரத்தை நோக்கிய பாதையில் மரம் நின்றால், ஆன்டெனாவைச் சற்று இடம் மாற்றி இடைவெளி வழியே பார்க்க முடிகிறதா என்று தேடுங்கள்.

நான்காம் படி: வகையைத் தேர்ந்தெடுத்தல்

கோபுரம் அருகில், இடையில் தடை குறைவு என்றால் உள்வீட்டு ஆன்டெனா போதும். தட்டையான தகடு ஆன்டெனாவை ஜன்னல் அருகே, கோபுரத்தை நோக்கிய சுவரில் ஒட்டுங்கள். வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடி, தகரக் கூரை, அலுமினியத் தாள் பதித்த காப்புப் பலகை ஆகியவை அலையைத் தடுத்துவிடும். அத்தகைய வீட்டில் உள்ளே வைக்கும் ஆன்டெனாவை மாற்றி மாற்றி வாங்குவது வீண். இழுத்து நீட்டும் இரட்டைக் கம்பி ஆன்டெனா அழகில்லாததுதான், ஆனால் விஹெச்எஃப் நிலையங்களுக்குத் தகட்டைவிட அதுவே மேல். 200 மெகாஹெர்ட்ஸுக்கு ஒவ்வொரு கம்பியையும் சுமார் 37 சென்டிமீட்டர் நீட்டுங்கள். முழு நீளத்துக்கு இழுப்பதால் நன்மை இல்லை.

வெளியே வைப்பதில் மூன்று குடும்பங்கள் உண்டு. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் 1920-களில் உருவாக்கிய யாகி ஆன்டெனா, ஒரு தண்டில் கம்பிகளை வரிசையாகக் கோத்தது. ஒரு திசையில் கூர்மையாகக் கேட்கும். பக்கங்களையும் பின்புறத்தையும் ஒதுக்கும். ஒரே திசையில் தொலைவான கோபுரம் என்றால் இதுதான். நீளம் கூடக்கூடத் திறன் கூடும், ஆனால் தண்டின் நீளத்தை இரட்டித்தாலும் அதிகபட்சம் 3 டெசிபல்தான் கிடைக்கும். கூர்மை கூடுவதால் காற்றில் சற்றுத் திரும்பினாலும் சிக்னல் விழும்.

லாக்-பீரியாடிக் வகையில் கம்பிகள் முன்னோக்கிச் சீராகச் சிறுத்துக்கொண்டே போகும். அதே நீளமுள்ள யாகியைவிடத் திறன் சற்றுக் குறைவு. ஆனால் பட்டை முழுவதும் ஒரே சீராக வேலை செய்யும். நடுத்தரத் தூரத்தில், பல அதிர்வெண்களில் நிலையங்கள் இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது, வலைத்தகட்டின் முன் ‘வி’ வடிவக் கம்பிச் சோடிகளை அடுக்கிய போ-டை ஆன்டெனா. நான்கு சோடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் மேலும் கீழும் கேட்கும் பரப்பு குறுகும், கிடைத்தளத்தில் அகலமாகவே இருக்கும். கோபுரங்கள் ஒன்றுக்கொன்று சற்று விலகி நிற்கும் ஊர்களுக்கு இந்தக் குணம் வரப்பிரசாதம். இது முதன்மையாக யுஹெச்எஃப் சரக்கு என்பதை மறக்க வேண்டாம்.

வட்டத் தட்டுபோல எல்லாத் திசைகளிலும் கேட்கும் ஆன்டெனாக்கள் படகுக்கும் நகரும் வண்டிக்கும் உரியவை. வீட்டில் பொருத்தினால், நேரே வரும் அலையோடு கட்டடங்களில் பட்டுத் தெறித்து வரும் எதிரொலிகளையும் சேர்த்து விழுங்கும். டிவிபி-டி2, ஐஎஸ்டிபி-டி போன்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறைகள் எதிரொலியை ஓரளவு தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை, ஏடிஎஸ்சி 1.0 அந்த அளவு தாங்காது.

கோபுரங்கள் நேர் எதிர்த் திசைகளில் இருந்தால்? ஒரு கேபிளைப் பல டிவிகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரைத் தலைகீழாக இணைத்து இரண்டு ஆன்டெனாக்களைச் சேர்ப்பது பரவலான வழக்கம். ஆனால் அதில் 3.5 டெசிபல் போகும், ஒரே நிலையம் இரண்டு வழியாகவும் வந்து தன்னோடு மோதவும் கூடும். ஒன்று விஹெச்எஃப், மற்றொன்று யுஹெச்எஃப் என்றால் பட்டைகளைப் பிரித்துச் சேர்க்கும் டிப்ளெக்சர் மிகக் குறைந்த இழப்பில் வேலையை முடிக்கும். இரண்டும் ஒரே பட்டை என்றால் தனித்தனிக் கேபிளோ, ஆன்டெனாவைச் சுழற்றும் மோட்டாரோதான் நிம்மதி.

ஐந்தாம் படி: திறன் எண்ணைப் படித்தல்

ஒழுங்கான தயாரிப்பாளர் ஒவ்வொரு பட்டைக்கும் திறனைத் தனித்தனியே தருவார். அது டிபிஐ அளவிலா (எல்லாத் திசைகளிலும் சமமாகக் கேட்கும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டது) டிபிடி அளவிலா (அரை அலைநீளக் கம்பியோடு ஒப்பிட்டது) என்று பாருங்கள். ஒரே ஆன்டெனாவை டிபிஐ-யில் சொன்னால் எண் 2.15 கூடுதலாகத் தெரியும். ‘திறன் 38 டெசிபல்’ என்று எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் பூஸ்டரின் பெருக்கத்தைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு வீட்டு யுஹெச்எஃப் ஆன்டெனாவுக்கு உலோகத்தால் மட்டும் கிடைப்பது பொதுவாக 7 முதல் 15 டிபிஐ. முன்-பின் விகிதம் என்ற எண்ணும் கொடுத்திருந்தால் அதற்கும் மதிப்புண்டு. பின்னாலிருந்து வரும் எதிரொலியை எவ்வளவு ஒதுக்கும் என்று அது சொல்கிறது.

ஆறாம் படி: இடத்தைச் சோதித்தல்

இதைத் தவிர்ப்பவர்களே அதிகம். பலன் அதிகம் தருவதும் இதுவே. சமதரையில் ஆன்டெனாவின் உயரத்தை இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும் என்பது கோட்பாடு. தண்டின் நீளத்தை இரட்டித்தால் கிடைக்கும் 3 டெசிபலோடு ஒப்பிட்டால், பெரிய ஆன்டெனாவைவிட உயரமான இடம் எவ்வளவு மலிவு என்று தெரியும். ஆனால் நடைமுறையில் சிக்னல் சீராகப் பரவியிருப்பதில்லை. நேரலையும் எதிரொலியும் கூடும் இடத்தில் வலுக்கும், முட்டும் இடத்தில் மங்கும். யுஹெச்எஃப்-இல் அரை மீட்டர் நகர்த்தினாலே நிலைமை தலைகீழாகலாம். சில நேரம் கீழே இறக்கினால்கூட நன்றாக இருக்கும்.

எனவே துளை போடுவதற்கு முன், ஆன்டெனாவைத் தற்காலிகக் கழியில் கட்டி, கூரையில் நான்கைந்து இடங்களில் பிடித்துப் பாருங்கள். ஒருவர் மேலே, ஒருவர் டிவி முன்னால், கையில் போன். டிவியின் அமைப்புப் பட்டியலில் சிக்னல் ‘வலு’, ‘தரம்’ என்று இரண்டு அளவுகள் இருக்கும். தரத்தைப் பாருங்கள், இரைச்சலும் எதிரொலியும் வலு அளவை உயர்த்திக் காட்டக்கூடியவை. வலுவான நிலையத்தை வைத்துத் திசை பார்க்காமல், உள்ளதிலேயே பலவீனமானதைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாகை திருப்பிய பின் சில நொடி காத்திருந்து எண்ணைப் பாருங்கள், ட்யூனர் உடனே பதில் சொல்லாது.

போனின் திசைகாட்டியை உலோகக் கழிக்கு அருகில் வைத்தால் அது பொய் சொல்லும். வரைபடத்தில் உங்கள் வீட்டிலிருந்து கோபுரத்துக்குக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் விழும் கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தையோ குன்றையோ குறிவைப்பது துல்லியமானது.

ஏழாம் படி: கேபிளும் பூஸ்டரும்

75 ஓம் ஆர்ஜி-6 கேபிளை வாங்குங்கள். 600 மெகாஹெர்ட்ஸ் அருகே 30 மீட்டருக்கு சுமார் 5 டெசிபல் போகும். மெலிந்த ஆர்ஜி-59-இல் இன்னும் கூடுதல். இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் 3.5, நான்குக்குப் பிரிப்பது 7 டெசிபல் எடுக்கும்.

பூஸ்டரைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். அது சிக்னலையும் இரைச்சலையும் ஒருசேரப் பெருக்குகிறது. போதாக்குறைக்குத் தன் இரைச்சலையும் சேர்க்கிறது. ஆன்டெனா கேட்காத சிக்னலை அதனால் உருவாக்க முடியாது. பிறகு எதற்கு? ஆன்டெனாவுக்குப் பின்னால் வரும் இழப்புகளை மறைப்பதற்கு.

ஒரு கணக்கைப் பாருங்கள். ட்யூனரின் சொந்த இரைச்சல் அளவு 7 டெசிபல் என்று கொள்வோம். 30 மீட்டர் கேபிளில் 5, நான்கு வழி ஸ்பிளிட்டரில் 7. ஆக மொத்தம் 19. இப்போது 20 டெசிபல் பெருக்கமும் 2 டெசிபல் இரைச்சலும் உள்ள பூஸ்டரை ஆன்டெனாவுக்கு அடியிலேயே, கம்பத்தில் வைத்தால் மொத்த இரைச்சல் அளவு 4 டெசிபலுக்குக் கீழே வந்துவிடும். 15 டெசிபல் லாபம். அதே பூஸ்டரைக் கேபிளும் ஸ்பிளிட்டரும் முடிந்த இடத்தில், டிவிக்குப் பின்னால் வைத்தால் மொத்தம் சுமார் 14. லாபம் வெறும் 5. பொருள் ஒன்று, வைத்த இடம் வேறு, வித்தியாசம் 10 டெசிபல். ஆகவே பூஸ்டர் வாங்கினால் கம்பத்தில் பொருத்தும் வகையையே வாங்குங்கள். அதற்கான மின்சாரம் கேபிள் வழியாகவே மேலே போகும்; இடையில் ஸ்பிளிட்டர் இருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும் வகையாக இருக்க வேண்டும்.

கோபுரத்துக்கு அருகில் இருப்பவருக்கு பூஸ்டர் கேடு. வலுவான சிக்னல் அதைத் திணறடிக்கும். ஏற்கெனவே நன்றாக வந்த நிலையங்களும் மறையும். பூஸ்டர் போட்ட பிறகு அலைவரிசைகளின் எண்ணிக்கை குறைந்தால் காரணம் இதுதான். பக்கத்தில் மொபைல் கோபுரம் இருந்தாலும் இதே திணறல் வரும். அதற்கு 4ஜி/5ஜி வடிகட்டியை பூஸ்டருக்கு முன்னால் போட வேண்டும். பின்னால் போட்டுப் பயனில்லை.

விஹெச்எஃப் நிலையங்கள் மட்டும் அடிக்கடி உடைந்தால், மட்டமான எல்இடி விளக்குகளையும் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி அங்கே இருப்பார்.

எட்டாம் படி: உபரியை அளத்தல்

விலையுயர்ந்த அளவுக்கருவி இல்லாமலே உபரியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நான்கு வழி ஸ்பிளிட்டர் 7 டெசிபல் இழக்கும் அல்லவா? ஆன்டெனாவிலிருந்து வரும் கேபிளுக்கும் டிவிக்கும் இடையே அதை வேண்டுமென்றே செருகி, பயன்படாத முனைகளில் 75 ஓம் மூடிகளைப் போடுங்கள். பலவீனமான நிலையம் அப்போதும் உடையாமல் வந்தால் குறைந்தது 7 டெசிபல் உபரி இருக்கிறது. உடைந்தால் இரண்டு வழி ஸ்பிளிட்டரை வைத்துப் பாருங்கள். அதற்கும் தாங்காவிட்டால் உங்கள் உபரி 3.5-க்கும் குறைவு, முதல் பெருமழையில் படம் போகும். மறுபடியும் ஆறாம் படிக்கே திரும்ப வேண்டியதுதான்.

கம்பத்தில் பூஸ்டர் இருந்தால் ஸ்பிளிட்டரை அதற்கு முன்னால், ஆன்டெனா பக்கம் செருகுங்கள். பூஸ்டருக்குப் பின்னால் செருகினால் அது இழப்பை மறைத்துவிடும். சோதனை எப்போதும் தேர்ச்சி என்றே காட்டும்.

ஒன்பதாம் படி: நிலையாகப் பொருத்துதல்

கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாகப் பாருங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆன்டெனா பொருத்தும்போது நேரும் உயிரிழப்புகளுக்கு மின்கம்பியும் தவறி விழுதலும் முக்கியக் காரணங்கள். காற்றடிக்கும் நாளிலும் ஈரக் கூரையிலும் ஏறாதீர்கள்.

கம்பத்தையும் கேபிளின் வெளிக்கவசத்தையும் கட்டடத்தின் முதன்மை எர்த்துடன் இணைக்க வேண்டும். தனியாக ஓர் எர்த் கம்பி அடித்து அதை முதன்மை எர்த்துடன் இணைக்காமல் விடுவது ஆபத்து. மின்னலின்போது இரண்டுக்கும் இடையே எழும் அழுத்த வேறுபாடு உங்கள் டிவி வழியாகவே சமனாகப் பார்க்கும். நேரடி மின்னல் தாக்குதலை இந்த ஏற்பாடு தடுக்காது. காற்றில் சேரும் நிலைமின்னூட்டத்தை வடியவைப்பதும், அருகில் விழும் மின்னலின் எழுச்சியைக் குறைப்பதுமே இதன் வேலை. உங்கள் நாட்டின் மின்விதிகள் கம்பியின் தடிமனையும் முறையையும் குறிப்பிட்டிருக்கும். அந்தப் பகுதியை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுவதே சரி.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன் ஒரு வளைவைத் தொங்கவிடுங்கள். மழைநீர் அங்கே சொட்டிவிடும், உள்ளே வராது. வெளியே உள்ள ஒவ்வொரு இணைப்பையும் தன்னொட்டு ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றுங்கள். கேபிளுக்குள் ஒருமுறை நீர் இறங்கினால் செப்பு கருத்து, இழப்பு மாதாமாதம் கூடும். அப்படி நனைந்த கேபிளை உலர்த்திப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் டிவியில் அலைவரிசைகளை முழுதாக மறுதேடல் செய்யுங்கள். நிலையங்கள் அதிர்வெண்ணை மாற்றினாலும் இதையே செய்ய வேண்டும். ஒரு நிலையம் மட்டும் திடீரென மறைந்து மற்றவை நலமாக இருந்தால், ஏணியை எடுப்பதற்கு முன் ரிமோட்டை எடுத்து மறுதேடல் செய்து பாருங்கள்.